பழைய துப்பாக்கிக்குப் புளி போடாதீர்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் புளிப்பானை பாதியாகிவிடும். குத்துவிளக்கு, சொம்பு, தாம்பாளம், அண்டா என்று பித்தளை மொத்தமும் வாசலுக்கு வரும். பழைய புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் மதியத்துக்குள் எல்லாம் தங்கம் மாதிரி மின்னும். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் கேழ்வரகுக் கொல்லைக் காவலுக்கென்று தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து லைசென்ஸில் இருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியும் அன்று பூஜைக்கு இறங்கியிருந்தது. அதிலும் பித்தளைப் பூண் இருந்ததே, விடுவேனா? பூணோடு நிறுத்தாமல் குழலுக்கும் சேர்த்துப் புளி போட்டேன்.

காபிப்பொடி நிறத்தில் இருந்த குழல், கழுவி முடித்தபோது பழைய தகர டப்பா மாதிரி திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. அதன் மேல் ஈரச் சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வேறு வைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பொட்டு இருந்த இடத்தில் வட்டமாகத் துரு. தாத்தா திட்டவில்லை. "நூறு வருஷத்துக் கலரை நாலு நிமிஷத்துல கழுவிப்புட்டியேடா" என்றார், அவ்வளவுதான். அந்த வட்டம் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருந்து, அதைச் சுத்தம் செய்ய முதல்முறை கை வைக்கப் போகிறவர்களுக்காக இது. சுடுவதற்குத் தயார் செய்யும் வழி இதில் இல்லை. பழைய குழலைச் சுத்தம் செய்துவிட்டால் அது சுடத் தகுதியானதாகிவிடாது. உள்ளே எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே விரிசல் என்று வெளியே துடைத்துப் பார்ப்பவருக்குத் தெரியாது.

முதலில் காகிதம், அப்புறம் துணி

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மாதிரி காட்டை ஒட்டிய ஊர்களில் கள்ளத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையும் வனத்துறையும் அறிவிப்பது நமக்குப் புதிதல்ல. பரணில் கிடைத்ததை ரகசியமாகத் துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ்காரர் இறந்துபோனால் வாரிசு அதைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டுத் தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதே சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் பழசாக இருந்தால் மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத நிலையில் இருக்க வேண்டும். அந்த நிலையில் இருக்கிறதா என்பதை நாமே தீர்மானித்துக்கொள்ளக் கூடாது, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பழுது பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் உண்டு. ஆகவே லேத் பட்டறைக்கோ கொல்லுப் பட்டறைக்கோ கொண்டுபோகிற யோசனையையும் இப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்தது இதைவிட முக்கியம். அது காலியாக இருக்கிறதா?

வாய்வழியாக மருந்தும் குண்டும் இடித்துப் போடுகிற துப்பாக்கியைப் பார்த்த மாத்திரத்தில் காலியா என்று சொல்ல முடியாது. பன்றி வரும் என்று இடித்து வைத்து, அன்று பன்றி வராமல், அப்படியே மூலையில் சாத்தப்பட்ட துப்பாக்கிகள் உண்டு. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் எத்தனை தலைமுறை கழிந்தாலும் பற்றிக்கொள்ளும். குழலின் வாயில் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. துப்பாக்கியை ஆளில்லாத பக்கம் திருப்பி, கேப்பு முனையில் பழைய கேப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடிபட்டதும் தீப்பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கிற குட்டி உலோகத் தொப்பிதான் கேப்பு. இருந்தால் அதைத் தொடாமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மெல்லிய மரக்கோல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி ஆகாது. வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, முட்டுகிற வரை கோலை மெதுவாக உள்ளே விட்டு, வாய் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கோலை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்பில் நிற்கும்படி குழலின் மேலேயே வைத்துப் பாருங்கள். நெருப்பு உள்ளே போகும் துளை வரை கோலின் நுனி எட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று விரற்கடை குறைந்தால் ஏதோ இருக்கிறது. அது குளவிக்கூடாகவும் இருக்கலாம், குண்டாகவும் இருக்கலாம். தோண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரிக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். பின்பக்கம் மடித்துத் தோட்டா போடும் வகை என்றால் வேலை சுலபம். திறந்து, தோட்டா இருக்கும் அறையை விரலால் தொட்டுப் பார்த்துவிடலாம்.

எது அழுக்கு, எது நிறம்

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். நானும் இதில்தான் விழுந்தேன்.

பழைய குழலின் பழுப்பு நிறம் பெயின்ட் இல்லை. அதுவே ஒருவகைத் துருதான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் துப்பாக்கி செய்தவர்கள் இரும்பின் மேல் உப்பும் அமிலமும் கலந்த கரைசலைத் தடவி, மெல்லத் துருப்பிடிக்க விட்டு, தேய்த்து, மறுபடி துருப்பிடிக்க விட்டு, நாள்கணக்கில் செய்து எடுத்த நிறம் அது. நீலக்கறுப்பாக இருக்கும் குழலிலும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு படலமே இருக்கிறது. அதைத் துருவின் கறுப்புத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவைக் கரைக்கிற எந்தச் சரக்கும் இந்த நிறத்தையும் சேர்த்துக் கரைத்துவிடும், அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம், கடையில் விற்கும் துரு நீக்கிகள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலம். பாட்டில் வேறாக இருந்தாலும் குழலுக்குச் செய்யும் காரியம் ஒன்றுதான்.

சில துப்பாக்கிகளில் விசைப் பொறியை மூடும் தகட்டில் நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்து மேகம் படர்ந்த மாதிரி நிறம் தெரியும். மிக மெல்லியது அது. வெயில் பட்டாலே மங்கும், தேய்த்தால் போயே போய்விடும், திரும்ப வராது. இன்னும் சில குழல்களில் பாம்புச் சட்டை மாதிரி வரிவரியாக இருக்கும். இரும்புப் பட்டையையும் எஃகுப் பட்டையையும் சேர்த்து முறுக்கிச் சுற்றி அடித்ததால் வந்த வரி அது. பாலிஷ் சக்கரத்தில் வைத்து இதை மொட்டையாக்கிவிட்டு, 'பளபளன்னு ஆயிடுச்சு பாருங்க' என்று காட்டியவரை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் உண்மையான துரு எது? ஒரு சோதனை போதும். வெள்ளைப் பருத்தித் துணியில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, துப்பாக்கியின் மரக்கட்டைக்கு அடியில் மறைந்திருக்கிற ஓரிடத்தில் மெல்லத் துடையுங்கள். செங்கல் பொடி மாதிரி ஆரஞ்சு நிறம் துணியில் வந்தால் உயிருள்ள துரு, இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். துணியில் வெறும் மண்ணிறக் கறையோ கறுப்போ லேசாகப் பட்டு, மேற்பரப்பு வழவழவென்று இருந்தால் அது அடங்கிய நிறம். கை வைக்காதீர்கள்.

தர்மபுரிக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், நடுகல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் இதுவும் ஒன்றுதான். அடித்தவர் பக்தியோடுதான் அடித்திருப்பார். வட்டெழுத்து போய்விடும். துப்பாக்கியிலும் அப்படி எழுத்தும் முத்திரையும் இருக்கும். கிழக்கிந்திய கம்பெனியின் இதய வடிவ முத்திரை, பின்னாளில் வந்த சிங்க முத்திரை, பர்மிங்காமிலும் லண்டனிலும் குழலைச் சோதித்துக் குத்திய சிறு குறிகள். ஒரு மில்லிமீட்டர்கூட ஆழமில்லாத அந்தக் குத்துகள்தான் துப்பாக்கியின் ஜாதகம்.

ஜாதகம் என்றதும் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. நம் மாவட்டங்களில் பழைய துப்பாக்கி என்றாலே 'திப்பு காலத்தது' என்று சொல்லிவிடுவோம். பாராமகால் என்ற நம் பகுதி 1792 வரை அவர் கையில் இருந்ததால் அந்த ஆசை நியாயமானதே. ஆனால் குதிரையைப் பாருங்கள். மேலிருந்து வந்து அடிக்கிற சுத்தியல் போன்ற பாகத்தைத்தான் குதிரை என்கிறேன். அதன் வாயில் சிக்கிமுக்கிக் கல்லைப் பிடிக்கும் தாடை இருந்தால் பேச்சுக்கு இடம் உண்டு. கிண்ணம் மாதிரி குழிந்து கேப்பின் மேல் உட்காருகிறதென்றால், அந்த முறையே 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, திப்பு இறந்தது 1799இல். கல் துப்பாக்கியைப் பின்னால் கேப்புக்கு மாற்றியதும் உண்டுதான். அதைத் தகட்டில் அடைத்த பழைய துளைகள் காட்டிக்கொடுக்கும். அந்தத் துளைகளையும் தேய்த்து மறைத்துவிடாதீர்கள்.

வேண்டிய சாமான்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பலமுறை துவைத்த பழைய வேட்டித் துணி, மெல்லிய பெயின்ட் பிரஷ், மென்மையான பல் துலக்கும் பிரஷ், ஊதுபத்திக் குச்சி அளவுக்குச் சீவிய மூங்கில் குச்சிகள், பஞ்சு, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர், தையல் மெஷின் எண்ணெய், மருந்துக்கடையில் கிடைக்கும் நைட்ரைல் கையுறை. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் இணையத்தில் சொல்லி வாங்க வேண்டியிருக்கும். மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு என்று கேளுங்கள். அருங்காட்சியகங்களில் பயன்படுத்துவது அது. அதில் பேர் பெற்ற ரினைசன்ஸ் வாக்ஸ் 1950களில் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவானது. தேன்மெழுகு போதாதா என்று கேட்பீர்கள். தேன்மெழுகில் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. கட்டைக்குப் பரவாயில்லை, இரும்புக்கும் பித்தளைக்கும் நல்லதல்ல.

உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், சாம்பல், பல்பொடி எதுவும் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. கைக்கு எட்டினால் எடுத்துவிடுவோம்.

கையுறை எதற்கு? விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது. வெறும் கையால் பிடித்துவிட்டுப் போனால் சில வாரத்தில் கைரேகையே துருவாகப் பதிந்துவிடும்.

வேலை

தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் போதும், ஜன்னல் வெளிச்சம் போதும். மேசையில் கம்பளியோ பழைய மெத்தை விரிப்போ போட்டு அதன் மேல் துப்பாக்கியைக் கிடத்துங்கள்.

முதல் நாள் தூசி மட்டும். பெயின்ட் பிரஷால் மேலிருந்து கீழே தட்டிவிடுங்கள். பொறியின் இடுக்குகளில் மூங்கில் குச்சி. தூசியில் மணல் கலந்திருக்கும். துணியால் அழுத்தித் துடைத்தால் அந்த மணலே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். அதனால்தான் துணிக்கு முன் பிரஷ்.

இரும்புக்கு எண்ணெய். துணியைத் தோய்த்து அல்ல, நனைத்துப் பிழிந்த அளவுக்கு. உயிருள்ள துரு இருக்கும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிறகு துடையுங்கள். மறுபடி வையுங்கள். துரு கட்டியாகப் புடைத்திருந்தால் மூங்கில் குச்சியால் எண்ணெயோடு சேர்த்து மெல்ல நிமிண்டலாம். அதற்கும் வரவில்லையா? தேய்ந்துபோன செப்புக் காசு ஒன்றின் விளிம்பைப் படுக்கையாக வைத்துக் கட்டியின் தலையை மட்டும் சீவி எடுக்கலாம். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறல் விழாது. சுற்றியுள்ள நிறத்தின் மேல் காசு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு குழலுக்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது, ஒரு நாளைக்குக் கால் மணி நேரம். ஒரே நாளில் முடிக்க நினைத்தவர்கள்தான் கம்பி நாரை எடுக்கிறார்கள்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். தாவர எண்ணெய்கள் நாளாக நாளாகக் காற்றுப் பட்டுப் பிசினாகிவிடும். பொறிக்குள் போனால் குதிரை பசை போட்ட மாதிரி நிற்கும். ஓசூர், தளிப் பக்கத்துக் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைந்தும் போகும். மண்ணெண்ணெய் கறையைக் கரைக்கும், ஆனால் ஆவியாகிப் போனபின் இரும்புக்குக் காவல் இல்லை. கட்டையில் ஊறினால் கறுத்துவிடும்.

குழலின் உள்பக்கத்தில் பழைய மருந்துக் கசடு இருக்கலாம். கருமருந்துக் கசடு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால்தான் உள்ளே துரு. ஆறுதல் என்னவென்றால் அது தண்ணீரில் கரையும். வடிநீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியை மரக்கோலில் சுற்றி விட்டு எடுங்கள். உடனே உலர்ந்த துணிகள், ஈரம் வராத வரை. கடைசியில் எண்ணெய்த் துணி ஒருமுறை. கேப்பு முனை வழியாகக் கீழே ஒழுகுவது கட்டையில் படாமல் அங்கே பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். குழலின் பின் அடைப்பைக் கழற்ற முயலவே வேண்டாம்.

திருகாணிகளையும் முதல்முறையில் தொடாமல் விடுவதே என் யோசனை. பழைய திருகாணிகளின் பிளவு ஒடுக்கமானது. நம் வீட்டு ஸ்க்ரூ டிரைவர் நுனி ஆப்பு மாதிரி இருக்கும். பிளவின் அடி வரை போய் உட்காராது, திருகினால் வழுக்கிப் பிளவின் விளிம்பைக் கிழிக்கும். எந்தத் துப்பாக்கியை எத்தனை பேர் கிண்டியிருக்கிறார்கள் என்பது திருகாணித் தலையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். குதிரையை இழுத்து வெறுமனே 'டப்' என்று விட்டு விளையாடவும் வேண்டாம். கேப்பு முனை நசுங்கும், பழைய வில் உடையும்.

பித்தளைக்கு வருவோம். எனக்குக் கை துறுதுறுப்பது இங்கேதான். தேன் நிறத்தில் மங்கியிருக்கும் பித்தளை அப்படியே இருக்கட்டும். பூஜைப் பாத்திரம் மாதிரி பளபளக்க வேண்டியதில்லை. பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் எண்ணெய் தொட்ட மூங்கில் குச்சியால் எடுத்துவிடுங்கள். கடையில் விற்கும் பித்தளை பாலிஷ் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அழுத்தத்தில் இருக்கும் பித்தளையை அம்மோனியா விரிசல் விட வைக்கும். இதைக் கண்டுபிடித்த கதையே நம் நாட்டோடு சேர்ந்தது. வெள்ளைக்காரப் பட்டாளம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். அதுபோக, பாலிஷின் வெள்ளைப் பொடி பூணுக்கும் கட்டைக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டால் ஊசி வைத்து நோண்டினாலும் வராது.

கட்டைக்குச் சொல்ல அதிகம் இல்லை. இழைக்காதீர்கள், உப்புத்தாள் காட்டாதீர்கள், மேலே புது வார்னிஷ் அடிக்காதீர்கள். கைபட்டுக் கைபட்டு வந்த கறுப்பு அதில் இருக்கட்டும். பிசுபிசுப்பு இருந்தால் வடிநீரில் நனைத்து இறுகப் பிழிந்த பஞ்சால் மறைவான இடத்தில் முதலில் பார்த்துவிட்டுத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். ஸ்பிரிட், சானிடைசர், தின்னர் வேண்டாம். அரக்குப் பூச்சாக இருந்தால் ஸ்பிரிட்டில் கரைந்து கையோடு வந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் தடவச் சொல்பவர்கள் நிறைய. ஒருகாலத்தில் செய்தவர்களும் அதைத்தான் தடவினார்கள். ஆனால் பழைய கட்டையில் மேல்மேலாகத் தடவினால் கறுத்து, ஒட்டும் தோலாகி, தூசி பிடிக்கும். சிறு துளைகளும் அடியில் வெளிறிய மாவும் தெரிந்தால் உளுத்துப்போக வைக்கும் பூச்சி உள்ளே இருக்கிறது. அந்தத் துப்பாக்கியை மற்ற மரச் சாமான்களிலிருந்து தள்ளி வையுங்கள்.

கடைசியில் மெழுகு. இரும்பில் மிஞ்சிய எண்ணெயை உலர்ந்த துணியால் நன்றாக எடுத்துவிட்டு, பட்டாணி அளவு மெழுகைத் துணியில் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் பூசுங்கள். சில நிமிடம் கழித்து வேறு துணியால் மெல்லத் துடைத்து மெருகேற்றுங்கள். இரும்பு, பித்தளை, கட்டை மூன்றுக்கும் இது ஆகும். முதல்முறை செய்துவிட்டுத் துணியை எடுத்தபோது, எங்கள் வெளுத்த குழலிலும் எங்கோ கொஞ்சம் மிஞ்சியிருந்த பழுப்பு ஆழமாகத் தெரிந்தது.

எங்கே வைப்பது

தோல் உறையில் வைத்துப் பூட்டுவது பலருக்குப் பழக்கம். பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் இருக்கும், ஈரத்தையும் பிடித்துக்கொள்ளும். பித்தளை தோலைத் தொட்ட இடத்தில் பச்சையாகப் பிசுக்குப் பூக்கும். பிளாஸ்டிக் பையும் வேண்டாம், இரவு குளிர்ந்தால் உள்ளே வியர்க்கும். துவைத்த பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, பூட்டும் அலமாரியில் படுக்கையாக வையுங்கள்.

நம் வீடுகளில் சாமான் அறை என்றால் புளிப்பானை, உப்பு மூட்டை, பொட்டாஷ் உர மூட்டை எல்லாம் ஒரே இடத்தில்தான். புளியைக் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தானே வைக்கிறோம். உப்பும் பொட்டாஷும் குளோரைடுகள், துருவுக்கு இதைவிட நல்ல உரம் கிடையாது. துப்பாக்கிக்கு அந்த அறை வேண்டாம். அடுப்புக்கு மேலே பரணும் வேண்டாம், புகைக்கரி படியும்.

காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை நிலையாக இருப்பது நல்லது. கிருஷ்ணகிரி வெயிலில் மே மாதம் கட்டை சுருங்கும், ஐப்பசி மழையில் ஊதும். அதை முழுக்கத் தடுக்க முடியாது. சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, சுவரை ஒட்டாமல் வைத்தால் ஏற்ற இறக்கம் குறையும். மழைக்கு முன் ஒருமுறை, மழை முடிந்து தை மாதம் ஒருமுறை, மாங்காய்க் காலத்தில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆரஞ்சுப் பொடி இல்லையென்றால் தூசியைத் தட்டி, மறுபடி வைத்துவிடுங்கள். மெழுகு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

ஆயுத பூஜைக்கு என்ன செய்வது என்று அத்தை கேட்டார். துப்பாக்கியைக் கிடத்துகிற பலகைக்குப் பொட்டு வைத்தோம், மாலையையும் பலகைக்கே போட்டோம். புளி விளக்குகளுக்குப் போனது.